மூன்று இஞ்சுத் தண்ணீர்

என்னோடு தரையில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் பாதிப் பேர் இன்று திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது, "என்னப்பா, அப்ப மாதிரியே பேசாமடந்தையாவே இருக்க" என்று கேட்கிறீர்கள். நேரில் எனக்குப் பேச்சு வருவதில்லை. எழுதினால் கொஞ்சம் வருகிறது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பாடம் எடுத்தவர் ஒரே வாத்தியார்தான்.

போன மாதம் என் மகன் டிவி வாங்கி வந்தான். "அம்பத்தஞ்சு இஞ்சுப்பா" என்றான். நான் டேப்பை எடுத்து அகலத்தை அளந்தேன். குறைந்தது. உயரத்தை அளந்தேன். இன்னும் குறைந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு ஒரே வருத்தம். மகன் சிரித்துக்கொண்டே டேப்பை வாங்கி, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குக் குறுக்காகப் பிடித்தான். சரியாக இருந்தது. இஞ்சு என்பதை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும், டிவி முன்னால் மறந்துவிட்டேன். எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சென்டிமீட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். அது பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். வெளியே வந்தால் ஊர் முழுக்க இஞ்சு. ஆசாரி கட்டைவிரலை மரத்தின்மேல் வைத்து இஞ்சு பார்ப்பார். தையல்காரர் நம் கால்சட்டைக்கு அளவெடுக்கும்போது, வளர்கிற பிள்ளை என்று இடுப்பில் ரெண்டு இஞ்சு கூட்டி எழுதிக்கொள்வார். நாம் வளர்ந்து அது சரியாக வருவதற்குள் பின்பக்கம் கிழிந்திருக்கும். விராலிமலை பஸ்ஸில், "அங்கிட்டு ஒரு இஞ்சு தள்ளி ஒக்காருங்க" என்று கேட்பவர் முழு ஆளாக உட்கார்ந்து, மடியில் கோழியையும் வைத்துக்கொள்வார். அம்மா கோபமாக இருந்தால் அப்பா என்னிடம், "ஒங்கம்மா மூஞ்சி ரெண்டு இஞ்சு நீண்டு கெடக்கு, பாத்துப் போ" என்பார். வரப்புச் சண்டையில் ஒருவரும் ஒரு இஞ்சு விட்டுத்தர மாட்டார்கள். இந்த இஞ்சுகளில் எதையும் யாரும் அளந்து பார்த்ததில்லை.

தண்ணீரின் இஞ்சு மட்டும் வேறு. அதை அளப்பார்கள். உங்களில் வயலை விற்றுவிட்டுப் போனவர்களுக்கு மறந்திருக்கும். போர் போட்டுத் தண்ணீர் வந்ததும், வாய்க்காலில் மண்ணை அணைத்து நடுவே ஒரு தகட்டை நிறுத்துவார்கள். தகட்டின் மேல்பக்கம் கூம்பாக ஒரு வெட்டு இருக்கும். தண்ணீர் அந்த வெட்டு வழியாகத்தான் வழிந்து ஓட வேண்டும். வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் எத்தனை இஞ்சு உயரம் நிற்கிறதோ, அது அந்த வீட்டின் தண்ணீர். பிறகு அந்த எண் அந்த வீட்டுக்குப் பெயர் மாதிரி ஆகிவிடும். ரெண்டு இஞ்சு வீடு, மூணு இஞ்சுக்காரர். பெண் கொடுக்க வருகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால், "தண்ணி எத்தனை இஞ்சு?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கிணறு இருந்தது. பங்குனி பிறந்தால் அதில் தவளைதான் இருக்கும். அதனால் சித்தப்பாவுக்குப் பெண் அமையவில்லை. வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், "சொல்லி அனுப்புறோங்க" என்று போவார்கள். சித்தப்பா நல்ல உயரம், நல்ல சிரிப்பு. வாரம் தவறாமல் கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விராலிமலைச் சந்தைக்குப் போவார். அங்கே இலுப்பூர்ப் பக்கத்து ஊரிலிருந்து தக்காளி கொண்டுவரும் ஒருவரின் மகளைப் பார்த்துவிட்டு வந்து, சந்தை இல்லாத நாளிலும் முகத்தில் அரை இஞ்சுக்குப் பவுடர் பூசத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் அப்பா கறாரான ஆள். "மூணு இஞ்சுக்குக் கொறஞ்ச வீட்டுல எம் மகளக் குடுக்க மாட்டேன். அவ கொடம் சுமக்கப் பொறக்கல" என்று சந்தையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாராம்.

இருந்த ரெண்டு எருமையையும் விற்று அப்பா போர் போடுவதென்று முடிவு செய்தது அதனால்தான்.

இங்கே என் ஸ்கேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் நிற மர ஸ்கேல். ஒரு ஓரத்தில் சென்டிமீட்டர், மறு ஓரத்தில் இஞ்சு. மூக்கில் வைத்தால் புதுப் பென்சில் வாசனை வரும். அதை வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் ஒரு மாதம் நச்சரித்தேன். வாங்கிய மூன்றாம் நாள், கண்மாய்க்கரை நாவல் மரத்தில் பழம் விழட்டும் என்று அதை வீசினேன். பழம் விழவில்லை. ஸ்கேல் கல்லில் விழுந்து, நுனியில் ஒரு இஞ்சு ஒடிந்து போனது. அதன்பிறகு என் ஸ்கேல் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். வகுப்பில் ஒடிந்த நுனியை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டே கோடு போட்டேன். வாத்தியாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

போர் லாரி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. அது கிளப்பிய சத்தத்தில் எங்கள் பக்கத்து மயில்கள் எல்லாம் ரெண்டு நாள் காணாமல் போயின. வயல் முழுக்க வெள்ளைப் புழுதி. அம்மா கத்தரிச் செடிகளைப் பார்த்து, "இதுகளுக்கும் பவுடர் பூசியாச்சா" என்றார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாயங்காலம் புழுதி சேறானது. சேறு தண்ணீரானது. ஊரே கூடிவிட்டது.

போர்க்காரர் மண்ணை அணைத்துத் தகட்டை நிறுத்தினார். கரை இளகலாக இருந்ததால் ரெண்டு கையாலும் தகட்டை அழுத்திக்கொண்டார். தன் ஸ்கேல் சேற்றில் எங்கோ போய்விட்டது என்று சுற்றிப் பார்த்தார். என் கையில் இருந்த பள்ளிக்கூடப் பை அவர் கண்ணில் பட்டது.

"கண்ணு, ஸ்கேல் வெச்சிருக்கியா? அந்த வெட்டுக்கு அடியில நிறுத்திப் புடி. எத்தனைன்னு சொல்லு."

நான் நிறுத்திப் பிடித்தேன். கலங்கல் தண்ணீரில் நுனி தெரியவில்லை. தண்ணீர் எட்டிய இடத்தில் மூன்று என்று இருந்தது.

"மூணு" என்றேன்.

நான் படித்தது பொய் இல்லை. ஸ்கேலில் அப்படித்தான் இருந்தது. மேலே ஒரு வார்த்தை சொல்வதற்குள் சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார். அப்பா துண்டை உதறித் தலையில் கட்டினார். "மூணு இஞ்சு, மூணு இஞ்சு" என்று கூட்டம் பேசிக்கொண்டது. ஒரு கூட்டம் என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கீழே இறக்கிவிட்டதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இறக்கிவிட்டபோது அம்மா என் வாயில் சர்க்கரையைப் போட்டார். சர்க்கரை கரைந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே மூன்று மாதம் ஆகிவிட்டது. ஸ்கேலை மாட்டுக்கொட்டகைக் கூரையில் கீற்றுக்குள் செருகிவைத்தேன்.

அந்த மூன்று மாதமும் சித்தப்பா எனக்குச் சந்தையிலிருந்து பொரிஉருண்டை வாங்கி வந்தார். "ஒன் வாய்ல வந்த மூணுடா அது" என்பார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். ஆனாலும் தின்றேன்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்காய் வாங்க வருகிறவர்களிடம், "இதுல ரெண்டு முத்தல் இருக்கு, பாத்து எடுத்துக்கங்க" என்று தானே சொல்லிவிடுகிற ஆள். அதனால் அவர் மூன்று இஞ்சு என்று சொன்னபோது ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை. செய்தி இலுப்பூர்ப் பக்கம் போனது. ஆனி மாதம் பெண்ணின் அப்பா வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கூடவே இன்னொரு தகவல். தன் தகட்டையும் ஸ்கேலையும் அவரே எடுத்து வருகிறாராம். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டுத்தான் அளப்பாராம்.

"அளக்கட்டும். நாள் பூரா ஓடவிட்டு அளக்கட்டும்" என்றார் அப்பா.

அந்த நாள் விடிந்தது. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுவிட்டு, "எந்திரிச்சு வாழையில அறுத்துட்டு வா" என்றார்.

காலையில் ஒன்பது மணிக்கு அவர் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து தகடு துருத்திக்கொண்டிருந்தது. காபி குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய், "போடுங்க" என்றார். அரைமணி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ரெண்டு தடவை பேச்சுக்கொடுத்தார். "இருங்க மாப்ள, எண்ணிக்கை தவறிரும்" என்றார். அவர் எதை எண்ணினாரோ தெரியாது. ஆனால் மாப்ள என்ற சொல்லில் சித்தப்பா காது சிவந்துபோனது.

பிறகு வேட்டியை மடித்துக்கட்டி, வாய்க்காலில் இறங்கித் தகட்டை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு அளந்தது நீதானாமே. வா தம்பி. நீயே சொல்லு."

அவர் கொடுத்தது இரும்பு ஸ்கேல். கையில் சில்லென்று இருந்தது. அதற்கு ஒரு நுனியும் ஒடியவில்லை. தண்ணீர் அன்றுபோல் இல்லாமல் தெளிவாக இருந்தது.

"ரெண்டு" என்றேன்.

அப்பா, "நல்லாப் பாருடா" என்றார்.

"ரெண்டுதாம்ப்பா."

அப்பாவே இறங்கி வந்து பார்த்தார். முழங்காலிட்டுப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. சித்தப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்ணின் அப்பா மட்டும் நிதானமாகத் தகட்டைக் கழுவிப் பையில் வைத்தார்.

"இதுக்கு ஏங்க மொகம் வாடுறீங்க? நீங்க மூணுன்னு சொன்னப்பவே ரெண்டு இருக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன். நம்ம பக்கத்துல யாரு ஒண்ணு கூட்டாமச் சொல்றா? ரெண்டு இருந்தாப் போதும்னு எனக்குள்ள ஒரு கணக்கு. இருக்கு. பேசி முடிச்சுருவோம்."

சித்தப்பா தலை நிமிர்ந்தது. அம்மா உள்ளே இலை போட ஓடினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அப்பா நகரவில்லை.

"அப்ப, நான் பொய் சொல்லுவேன்னு நெனச்சா எங்க வீட்டுப் படி ஏறுனீங்க?"

"பொய்யின்னு யாருங்க சொன்னா? கூட்டிச் சொல்றது. ஒலகம் பூரா சொல்றதுதானே."

"நான் கூட்டிச் சொல்ற ஆளு இல்ல. என்னைய அப்படி நெனச்ச வீட்டுல நாங்க பொண்ணு எடுக்கல."

"அண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா போய் வேப்பமரத்தின் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரர் உட்காராமல் விருந்தாளி எப்படிச் சாப்பிடுவது? பெண்ணின் அப்பா போட்ட இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பார் வாசனை வீட்டை நிறைத்தது. அம்மா வாசலுக்கும் மரத்துக்கும் நாலு தடவை நடந்தார். "ரெண்டு போதும்னு அவுகளே சொல்றாக. இன்னும் என்ன ரோசம்?" அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் பெண்ணின் அப்பா செருப்பை மாட்டினார்.

"நான் வாரேங்க. எம்மேல தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க."

அப்போது சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. அப்பா பொய்க்காரர் இல்லை என்று காட்ட அந்த வீட்டில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அது கூரைக்குள் இருந்தது. நான் மாட்டுக்கொட்டகைக்கு ஓடினேன்.

ஸ்கேலோடு திரும்பி வந்து அவர் முன்னால் நின்றேன். கையை மட்டும் நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் இரும்பு ஸ்கேலை எடுத்து இரண்டையும் ஒட்டிப் பிடித்தார். என் ஸ்கேல் ஒன்றில் தொடங்கியது.

"இதை வச்சா அளந்த?"

தலையாட்டினேன்.

"ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதோடு அழுகையும் வந்துவிட்டது.

அவர் இரண்டு ஸ்கேலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பமரத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு ஸ்கேலையும் அவர் மடியில் வைத்தார்.

"பாருங்க. நீங்க மூணுன்னது மூணுதான். இந்தக் கட்ட அப்படித்தான் சொல்லுது. இலுப்பூர்ல இருந்து விராலிமல வரைக்கும் உள்ளதச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான். அது தெரியாமப் பேசிட்டேன்."

அப்பா ஸ்கேலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்படா ஒடிச்ச?"

"நாவப்பழம் விழுகல" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அதுதான் வந்தது.

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பய எடுத்துக் காட்டுனதுக்கப்பறம் நான் மறச்சா நல்லா இருக்காது. எங்க வீட்டுத் தண்ணிய நாலு இஞ்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன். அது மூணுதான். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மனிதர் இன்னொருவரிடம் ஒரு இஞ்சை இறக்கிவைப்பது லேசான காரியம் இல்லை. அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"வாங்க சம்பந்தி. சோறு ஆறிரும்."

எனக்கு அடி விழவில்லை. ரெண்டாவது அப்பளம் விழுந்தது.

மறுநாள் அப்பா செய்த வேலையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். "நாஞ் சொன்னது தப்பு. நம்ம தண்ணி மூணு இல்ல, ரெண்டுதான்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். டீக்கடையில் சொன்னார். பஸ் நிற்குமிடத்தில் நின்றவர்களிடமும் சொன்னார். நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். மாற்றிச் சொன்னவர் இதிலும் கூட்டியிருப்பார் என்று ஊர் ஒன்றைக் கழித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் எங்களுக்கு ஒரு இஞ்சு வீடு என்று பெயர் வந்தது. எருமையையும் விற்று ஒரு இஞ்சுக்கா என்று உச்சுக்கொட்டினார்கள். அம்மா கேட்டுவிட்டு வந்து அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தார். அப்பாவுக்கு அவர்கள் ஏன் உச்சுக்கொட்டுகிறார்கள் என்றே விளங்கவில்லை. உண்மையை ஒருதடவை உரக்கச் சொன்னால் போதும் என்று நம்பியவர் அவர்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தி வந்த நாலாம் நாள் மோட்டார் தொட்டியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய்க்காலில் மடை திருப்பும் வேலை. பாதை வழியே போன ரெண்டு பெண்கள் நின்றார்கள்.

"நாலு இஞ்சு வீட்டுப் பொண்ணு, ஒரு இஞ்சு வீட்டுல வந்து தொவைக்குது பாரு. பாவம்."

சித்தி நிமிராமலே, "சோப்பு நொரை போனாச் சரிதாங்க்கா" என்றார். அவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நெசமா இது எத்தனை?"

"ரெண்டு, சித்தி. ஒங்க வீட்டுத் தாத்தா ஸ்கேல்ல பாத்தது."

"ரெண்டேவா?" ஈரக் கையைத் தண்ணீருக்குள் விட்டு அது விரல்களைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுவளையல்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று முட்டின. "ஒன்னையத்தான் நம்பலாம்னு ஒங்க சித்தப்பா சொன்னாக. எங்க வீட்டுல எத்தனை தெரியுமா?"

"மூணு. தாத்தாவே அப்பாகிட்ட சொன்னாரு."

சித்தி சுற்றுமுற்றும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது.

"ஒன்றரை. அதுவும் மழ பேஞ்ச மாசத்துல. நான் பாதி நாளு கொடந்தான் சொமந்தேன். வருசக்கணக்கா நாலுன்னு சொன்ன மனுசன், அன்னைக்கு ஒங்கப்பாவுக்காக மூணு வரைக்கும் எறங்கி வந்துட்டாரு. உள்ளத ஒடைச்சுச் சொல்லிட்டேன்னு வீட்டுல வந்து ரெண்டு நாளு ஒரே பெருமை. ஒங்கப்பாகிட்ட சொல்லிராத. தாங்க மாட்டாக."

நான் சொல்லவில்லை. அப்பா இருந்தவரைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க சம்பந்தி மாதிரி உள்ளதச் சொல்ற ஆளு இந்தத் தாலுகாவுலயே கெடையாது" என்பார். அந்த நேரத்தில் சித்தி சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டிருப்பார். நான் போய் மடை ஒழுங்காகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.